ஞாயிற்றுக்கிழமை வேலை

ஊத்துக்குளியிலிருந்து டாக்டர் ருக்மணியின் தம்பி அழைத்தபோது, வீட்டில் என் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா காலையில தவறிட்டாங்க சார். நெஞ்சுவலிங்க." "சரிங்க" என்றேன். அது சொல்லக்கூடிய வார்த்தை அல்ல என்பது போனை வைத்த பிறகே உறைத்தது.

கால்நடை மருத்துவர் ருக்மணியை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நான் மனிதர்களின் ரத்தம் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் கிருமிப் பிரிவில் இருந்தவன். அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் முதன்முதலில் எங்களிடம் வந்தது செத்த பன்றியின் ரத்தத்தோடு. வரவேற்பில் இருந்த பெண் திகைத்தாள். "நோயாளி பேரு என்னன்னு எழுதறதுங்க?" "பன்னின்னே எழுது கண்ணு. வயசு எட்டு மாசம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கிருமி என்ன, ஆளு பாத்தா சார் வருது?" என்றார். அதன்பின் மாதம் ஓரிரு முறை வருவார். கிருமி வளர்க்கும் என் தட்டுகளையும் எட்டிப் பார்ப்பார்.

லாரன்ஸ் என்ற தொழிலாளியின் ரத்தம் அப்படியொரு மாதத்தில்தான் வந்தது. கடும் காய்ச்சல், தலைவலி. படிவத்தில் 'பனியன் கம்பெனி, அயர்னிங்' என்றிருந்தது. எங்கள் ஊரில் பாதிப் படிவங்கள் அப்படித்தான். தட்டில் சிறுசிறு புள்ளிகள், சுற்றிலும் பச்சைச் சாயல். எல்லோர் வாயிலும் இருக்கும் சாதாரணக் கிருமி, ரத்தம் எடுக்கும்போது கலந்திருக்கும் என்று தீர்மானித்தேன். 'மாதிரியில் கலப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதை நம்பிய மருத்துவர் வைரஸ் காய்ச்சலுக்கே வைத்தியத்தைத் தொடர்ந்தார்.

இரண்டு நாள் கழித்து ருக்மணி அந்தத் தட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இவரு என்ன வேலை பாக்கறாரு?"

"அயர்னிங்குங்க."

"ஞாயித்துக்கெழம?"

அப்படியொரு கேள்வி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அவரே லாரன்ஸின் மனைவி ஸ்டெல்லாவைப் போனில் அழைத்தார். தெற்கத்திப் பேச்சு எனக்கும் கேட்டது. "ஞாயித்துக்கெழம மட்டும் பன்னி வெட்டுவாவ டாக்டரம்மா, எங்க ஊர்க்காரங்களுக்கு. போன வாரம் பெருவிரல்ல கத்தி பட்டுட்டு."

பன்றியின் தொண்டையில் சத்தமில்லாமல் இருக்கும் கிருமி அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்பார்கள். வெட்டுக்காயம் வழியே மனித ரத்தத்துக்குள் போய் மூளையுறை வரை ஏறும். ருக்மணி அந்த மருத்துவரிடம் பேசினார். சரியான மருந்து அன்றே தொடங்கியது. லாரன்ஸ் பிழைத்தார். இரண்டு காதும் போயின.

அவர் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். "மொதல்லயே கண்டுபிடிச்சிருந்தா காது நின்னிருக்குமா?" என்று ஸ்டெல்லா கேட்டார். ருக்மணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உறுதியாச் சொல்ல முடியாது கண்ணு" என்றார் அவர். தெருவுக்கு வந்ததும், "நான் பொய் சொல்லலீங்க சார். ஆனா ரிப்போர்ட்ட பத்தி நீங்கதான் சொல்லோணும்" என்றார். அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். நான் சொல்லவில்லை. பிற்பாடு எத்தனையோ முறை சந்தித்தும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியை நான் ஏற்றுக்கொண்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ருக்மணியின் அடக்கத்துக்கு லாரன்ஸும் ஸ்டெல்லாவும் வந்திருந்தார்கள். என் டைரியில் ஒரு தாளைக் கிழித்து, 'முதல் ரிப்போர்ட் தவறு. எழுதியது நான். இரண்டு நாள் வீணானது' என்று எழுதி லாரன்ஸிடம் நீட்டினேன். அவர் மெதுவாகப் படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். ஸ்டெல்லா படித்து முடித்துத் தாளை மடித்தார்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவுங்க இருக்கும்போது சொல்லாம, இப்ப எதுக்குய்யா சொல்லுதிய?"



ருக்மணியிடமிருந்து நான் பெற்றது பாதிதான். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை, ஆள் என்னென்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் எந்தத் தட்டையும் ஒதுக்கவில்லை. கேட்பதற்குப் பழகிக்கொண்டேன். தெரிந்ததை உரியவரிடம் அன்றே சொல்லும் துணிவை அவர் இருக்கும்போதே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.