மூலையில் விலகிய புகை

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைத்தால் என் தங்கையையே கேளுங்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது. குச்சி உடம்பு, நெருப்போடு வேலை. அதனால் ஆபீஸில் அவளுக்குத் ‘தீக்குச்சி’ என்று பெயர்.

எரிந்துபோன கட்டடங்களைக் கணினிக்குள் மறுபடி எரிய விடுவதுதான் அவள் வேலை. ஓர் அறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கிக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் சூடு எவ்வளவு, புகை எந்தப் பக்கம் நகரும் என்று நொடி நொடியாக அது கணக்குப் போடும். அப்போது கையிலிருந்தது ஒரு துணிக் கிடங்கு. பூட்டிக் கிடந்த பின்னறையில் தீ. உயிர்ச்சேதம் இல்லை என்று தீயணைப்பு அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார்.

நீண்ட விடுமுறை. ஆபீஸே காலி. விவாகரத்துக்குப் பிறகு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று வேலைக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மதியம் முதல் கணக்கு ஓடி முடிந்தது. திரையில் கூரையிலிருந்து புகை இறங்கியது. எல்லாம் சரி. ஒரு மூலையைத் தவிர.

அங்கே புகை இரண்டாகப் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உயரம்.

அவள் அங்கே எதையும் வைக்கவில்லை. கட்டம் கட்டமாகத் தேடினாள். வெறும் காற்று.

மறுபடி ஓட்டினாள். மூலை சரியாகிவிட்டது. ஆனால் அறையின் நடுவே... புகை விலகியது.

எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, கொஞ்ச நேரம் லைன்லயே இரேன்.”

“ஏண்டி, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டே இரு.”

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் கேட்டேன்:

“பக்கத்துல யாருடி இருமறது?”

அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்றாவது ஓட்டம். இப்போது கதவருகே. நின்றபடி. முகம் இருக்க வேண்டிய உயரத்தில் புகை உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே... வெளியே...

மெதுவாக... இன்னும் மெதுவாக...

பயத்தைவிட அவளுக்குப் பாவமாக இருந்ததாம். பூட்டிய கதவைக் கணக்கில் அவளே திறந்துவிட்டு, இன்னொரு முறை ஓட்டினாள்.

புகை நேராகப் போனது. அறையில் எதுவுமில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் கதவு...

க்ரீ...ச்.

போனில் எனக்கும் கேட்டது.

அவள் திரும்பினாள்.

யாருமில்லை.

விடுமுறை முடிந்த அன்று அதிகாரியைக் கூப்பிட்டாள்.

“சார், அந்தப் பின்னறையில யாராவது இருந்தாங்களா?”



“உங்களுக்கு யார் சொன்னா? இன்னைக்குக் காலையிலதான் இடிபாட்டை அள்ளினோம். ஒருத்தர் இருந்தார்மா. யாருன்னே தெரியல. இத்தனை நாளா தேடிக்கிட்டும் யாரும் வரல.”

“கதவுகிட்டயா சார்?”

“இல்லம்மா, மூலையில. கால் மேல இரும்பு அலமாரி விழுந்து கிடந்துச்சு. உட்கார்ந்த இடத்தை விட்டு அவரால நகர்ந்திருக்கவே முடியாது.”