திருஷ்டி டம்ளர்

திருமங்கலத்தில் வளையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். எனக்கு வந்த கோபத்தில், பக்கத்து பஞ்சர் கடையின் பழைய டயர்கள்தான் காரணம் என்று நகராட்சியில் புகார் கொடுத்தேன்.

கொசு ஒழிப்புக்கு வந்த பெண் ஒவ்வொரு டயராகப் புரட்டிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்து என் கடைக்குள் நுழைந்து கல்லா மேல் டார்ச் அடித்தார். திருஷ்டிக்காக எலுமிச்சம்பழம் போட்டு வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன!

"ஏந்தங்கச்சி, இம்புட்டையும் நீதான் வளத்தியா?" என்றார் பஞ்சர் கடை அண்ணன்.

இப்போது தினமும் டம்ளரைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுகிறேன். அண்ணனும் தினமும் வந்து அதை உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்தக் கண்ணுக்கு எந்தப் பழத்தைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.