ஹலோ அக்கா கேட்டது

அந்த மருத்துவமனையில் பெரிய டாக்டரிலிருந்து படிக்கட்டு துடைப்பவர் வரைக்கும் அவரை ஹலோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு சுழல் நாற்காலி, சிவப்பு விளக்குகள் மினுக்கும் பலகை, தலையில் ஹெட்போன். நானூற்றுச் சொச்சம் எண்கள் அவருக்கு மனப்பாடம். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். "என்ன டாக்டர், ஜலதோஷம் இன்னும் விடலையா?" என்று அவர் கேட்டு, மறுமுனையில் இருந்தவர் அசந்துபோனதெல்லாம் உண்டு.

அத்தனை குரல்களையும் அவர் ஒற்றைக் காதால்தான் கேட்டார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இடது காது ஏழு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. வேலையில் சேரும்போது அதைச் சொல்லவில்லை. பிறகு சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. கணவருக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். யாரோ ஒரு பெண் பிரசவ வார்டுக்கு இணைப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவிலேயே அந்தக் குரல் மெலிந்து, மெலிந்து, எங்கோ தூரத்துக்குப் போனது. "லைன் சரியில்லம்மா, திரும்பப் போடுங்க" என்றார் ஹலோ அக்கா. சொன்னது தனக்கே கேட்கவில்லை என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பலகையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அதை நம்ப மனமில்லாமல் ஹெட்போனை மாற்றிப் பார்த்தார். இன்னொன்றை மாட்டினார். வராந்தாவில் போன எலெக்ட்ரீஷியனைக் கையசைத்துக் கூப்பிட்டு, "லைன் எல்லாமே செத்துப்போச்சு" என்றார். அவர் ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, ஹலோ அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பதினைந்து நாள் ஊசியும் மாத்திரையுமாகப் போயின. கடைசியில் காது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நரம்பு போய்விட்டது, கருவி வைத்தாலும் ஆபரேஷன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, இனி கேட்க வாய்ப்பே இல்லை. ஹலோ அக்கா அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார். வெளியே சாலையில் எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பின்னால் வந்த வண்டி ஒன்று அவரை உரசிக்கொண்டு நின்றபோதுதான், இனி எந்தத் தெருவிலும் பழையபடி நடக்க முடியாது என்று புரிந்தது.

வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், அவற்றில் வருடவாரியாக நோயாளிகளின் ஃபைல்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு சந்து. சீட்டை நீட்டுவார்கள், இவர் ஃபைலைத் தேடி எடுத்து நீட்டுவார். நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த வாய்க்கு அங்கே வேலை இல்லை.

வீட்டில் கணவர். குழாய் ரிப்பேர் செய்பவர், நல்லவர். ஒரே மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். வாரம் ஒருமுறை அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கு இப்போது செல்போனில் நாலு வரி வரும். கணவர் ஒரு நோட்டு வாங்கி வைத்தார். முதல் மாதம் அதில் பக்கம் பக்கமாக எழுதினார். எந்த வீட்டில் எந்தக் குழாய் வெடித்தது, யார் சண்டை போட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். போகப்போக வாக்கியம் வார்த்தையானது, வார்த்தை தலையாட்டலானது. ஒரு பக்கம் ஒரு வாரம் வரைக்கும் வந்தது. சாப்பிடும்போது இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இந்த நாட்களில்தான் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க ஹலோ அக்கா தானாகவே பழக ஆரம்பித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆட்கள் பேசிக்கொள்வதைப் பார்ப்பார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலவே இருந்து தொல்லை கொடுத்தன. ஒருநாள் கணவர், "மருந்து எங்க?" என்று கேட்க, இவர் ஜன்னலைத் திறந்து வானத்தில் பருந்தைத் தேடினார். அன்றைக்கு இருவரும் வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார்கள். "உங்க மீசை உதட்டை மறைக்குது" என்றார் இவர். மறுநாள் காலையில் அவர், இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். மீசை போன பிறகுதான் தெரிந்தது, அதன் பின்னால் அப்படியொன்றும் அதிகம் பேச்சு இல்லை என்று.

ஜெபத்தை மட்டும் ஹலோ அக்கா விடவில்லை. சபையில் எல்லோரும் அவருக்காக ஜெபித்தார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கத்தினார். காதில் காற்று அடித்தது, அவ்வளவுதான். "உங்களுக்கு விசுவாசம் பத்தலம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரிடம் போனார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உதட்டிலிருந்து ஹலோ அக்கா ஓர் எழுத்துத் தப்பாமல் படித்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டு நேரத்தில், முன் வரிசைக்காரர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் முற்பகலில், ரெக்கார்டு அறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால், ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஆண்டவரிடம் சண்டை போட்டார்.

"எனக்குத்தான் காது கேக்காது. உமக்குமா கேக்காது? இருபத்தோரு வருஷம் யார் கூப்பிட்டாலும் எடுத்தேனே. நான் கூப்பிட்டா எடுக்கமாட்டேங்கிறீரே."

அழுது முடிந்த பிறகு, கைப்பைக்குள் ஒன்றரை வருடமாகக் கிடந்த டாக்டரின் தாளை எடுத்தார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"முடியாதுன்னு எழுதியிருக்கு. எனக்கும் முடியல, டாக்டருக்கும் முடியல. இனிமே இதை நீர் வச்சுக்கும். தர்றதுன்னா தாரும். தரலைன்னா, எங்கூடவே இரும். தனியா மட்டும் விட்டுடாதேயும்."

தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் காதைத் திரும்பக் கேட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் கதவைத் திறந்ததும், "வந்துட்டேன், ஆண்டவரே" என்பார். மாலையில் பூட்டும்போது, "கிளம்பலாமா?" என்பார். சத்தம் கூடிப்போகிறதா குறைகிறதா என்று அவருக்குத் தெரியாது. வெளியே நின்றவர்கள் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து, தீவிர சிகிச்சை வார்டின் சிஸ்டர் ஒரு ஃபைலுக்காக வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "என்னாச்சு சிஸ்டர்?" என்று கேட்டார் ஹலோ அக்கா. சிஸ்டர் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து நிதானமாகச் சொன்னார். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்த தச்சர் ஒருவர். தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், குரல் வராது. இரண்டு கையிலும் கட்டு, எழுதவும் முடியாது. நாலு நாளாக வாயை அசைத்து எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"தண்ணியான்னு கேட்டோம், வலிக்குதான்னு கேட்டோம். இல்ல இல்லன்னு தலையாட்டி அழுறாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியலக்கா."

இதைச் சொன்ன பிறகுதான் சிஸ்டருக்கே ஏதோ தோன்றியிருக்கவேண்டும். ஹலோ அக்காவை உற்றுப் பார்த்தார். "நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல?"

"முக்கால்வாசி புரிஞ்சுது."

"எங்கூட வாங்கக்கா."

பயந்துகொண்டேதான் போனார். அந்த வார்டுக்கு ஆயிரம் முறை இணைப்புக் கொடுத்திருக்கிறார், உள்ளே போனது அதுதான் முதல் தடவை. படுக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், கன்னமெல்லாம் தாடி முளைத்துக் கிடந்தார். ஹலோ அக்கா வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி திரையை விலக்கிவிட்டுக் குனிந்தார். "எனக்குக் காது கேக்காது தம்பி. ஆனா உதட்டைப் பாத்தா புரியும். மெதுவா சொல்லுங்க."

தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆளின் கண்கள் விரிந்தன. உதடுகள் வேகமாக அசைந்தன.

தப்பி. மறுபடியும் தப்பி. அப்படித்தான் இவர் கண்ணுக்குத் தெரிந்தது. எதிலிருந்து தப்பிக்கவேண்டும் இந்த ஆளுக்கு? "திரும்பச் சொல்லுங்க." அவர் சொன்னார். இவருக்குப் புரியவில்லை. தெரியாத்தனமாக வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தார். மனதுக்குள், "நீர்தான் பாக்கணும்" என்று ஒரு வார்த்தை. மூன்றாவது தடவை உதடு ஒட்டிப் பிரிந்தபோது, பழைய தொல்லை சட்டென்று நினைவுக்கு வந்தது. ப-வும் ம-வும். தப்பியும் தம்பியும் உதட்டுக்கு ஒன்றுதான்.

"தம்பியா? உங்க தம்பியைக் கேக்கிறீங்களா?"

அந்த ஆள் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். பிறகு மெதுவாக, முழுதாகச் சொன்னார். இப்போது இரண்டு சொல்லும் இருந்தன.

ஹலோ அக்கா நிமிர்ந்து சிஸ்டரிடம் சொன்னார். "தம்பி தப்பிச்சானான்னு கேக்கிறாரு."

அண்ணனும் தம்பியும் ஒரே சாரத்தில்தான் நின்றிருந்தார்கள். தம்பி கால் முறிந்து இரண்டாவது மாடியில் படுத்திருந்தான், நன்றாகப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டு. அண்ணன் அதைத்தான் கேட்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பி, "அண்ணே" என்றது ஹலோ அக்காவுக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. அவர் அங்கே நிற்காமல் கீழ்த்தளத்துக்கு வந்து, ஏணிப்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை வார்டிலிருந்து ஆள் வரும். எல்லா முறையும் பலித்துவிடாது. பாதிக்குப் பாதி கோட்டைவிடுவார், அப்போது ஒளிக்காமல் சொல்லியும்விடுவார். செய்தி சபைக்கும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்காகத்தான் ஆண்டவர் உங்க காதை எடுத்துக்கிட்டாரு, பாத்தீங்களா?" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார் ஹலோ அக்கா. "அவர் எடுத்தாருன்னு நான் சொல்லமாட்டேன். போனதுக்கு அப்புறம் எங்கூட வந்து உக்காந்தாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்த அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஹலோ அக்கா வழக்கம்போல் முதல் ஆளாக வெளியே வந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சாலையைக் கடந்து, தனியாக வீட்டுக்கு நடந்தார்.

போன வாரம் ஒரு வயதான பெண்மணி. பல் இல்லை, முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. உடன் யாரும் வரவில்லை. உதடு ஓயாமல் அசைந்தது, ஆனால் அதில் ஒரு சொல்கூட உருவாகவில்லை. ஹலோ அக்கா இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"எனக்குப் புரியலம்மா" என்றார் கடைசியில். "ஆனா சொல்லுங்க. நான் இருக்கேன். கேக்கிறவர் ஒருத்தர் இருக்காரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்கான மணி அடித்ததை சிஸ்டர் வந்து தோளைத் தொட்டுச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதாக இவர் சைகை காட்டினார். அந்த உதடுகள் பேசிக்கொண்டே இருந்தன.