பாறைக்குப் போட்ட நம்பர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், பெரியாயி குடியிருக்கும் லய வரிசைக்குப் பின்னால் பெரிய பாறை ஒன்று தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. போன வருஷம் ஐப்பசி மழையில் அதில் ஒரு துண்டு பெயர்ந்து உருண்டு, அவள் புருஷன் இராமையாவின் காலைக் காவு வாங்கியது.

மழை விட்டதும் ஒரு வேன் வந்தது. இறங்கியவர்கள் பாறையைச் சுத்தியலால் தட்டினார்கள், பெயர்ந்த இடத்தில் ஒரு சில்லு எடுத்தார்கள், பக்கத்திலேயே வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் போட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மண்சரிவுக்குப் பிறகு அப்படித்தான் நம்பர் போட்டார்கள். அப்புறம் வேறிடத்தில் வீடும் கொடுத்தார்கள். அதனால் பெரியாயி எதுவும் கேட்கவில்லை. வேனில் வந்தவர்களிடம் கேள்வி கேட்டு வளர்ந்த சனமா அது?

பண்டாரவளையிலிருந்து மகள் ஜீவராணி வந்து கெஞ்சினாள்.

"எங்களோட வந்திருங்கம்மா. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"போடி. நம்பர் போட்டாச்சு. இப்ப எடத்த விட்டுட்டு வந்தா, வீட்ட வேற எவனுக்காவது குடுத்துருவாங்க."

அலுத்துப்போன மகள் அறையை வாடகைக்கு விட்டாள். பெரியாயியோ நம்பர் மங்க மங்க, மேலே ஏறிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அதே வேன் திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராயும் பதுளைக்காரர் ஹுமைத், நம்பரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நீங்களா அம்மா அழியாமப் பாத்துக்கிட்டது? பெரிய உதவி. இதே எடத்துலதான் இன்னொரு துண்டு வேணும். இது நூறு கோடி வருஷத்துக்கு முந்தி, கடல் நடுவுல தீவு தீவா நின்ன எரிமலைங்களோட குழம்பு."

ஒரே தனிமத்தில் பாரமான அணு எவ்வளவு, லேசான அணு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தே கல்லின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார்களாம். கீழே குடியிருப்பவர்களை நிறுத்துப் பார்க்கத்தான் யாருமில்லை.

"அதெல்லாம் சரிங்க சேர். எங்களுக்கு வீடு எப்பங்க?"

"என்ன வீடு?"

"நம்பர் போட்டீங்களே!"

ஹுமைத்தின் முகம் வாடியது. "அது கல்லு எடுத்த எடத்துக்கு அடையாளம்மா. மண்சரிவு பாக்குற ஆக்கள் வேற."

புருஷன் காலை நசுக்கிய பாறைக்குத்தான் பெரியாயி இத்தனை நாளும் காவல் இருந்திருக்கிறாள். ஹுமைத் கைக்கு அடங்கும் ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் போட்டார்.

"அவ்வளவு போதுமா சேர்? மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

லயத்துக்குள்ளிருந்து இராமையாவின் குரல் வந்தது. "என்னா புள்ள சொல்றாங்க? எப்பப் போறோமாம்?"