நெமுரா செத்த காட்சி

வாள்சண்டைப் படங்களில் கதாநாயகன் வாளைச் சுழற்றும்போது சுற்றிலும் பத்துப் பேர் விழுவார்கள் அல்லவா, அந்தப் பத்தில் ஒருவராகத்தான் மிசோவே கிஹாச்சி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கட்டுமஸ்தான உடம்பு. உலகப் போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. கடலிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதித்து நாசமாக்கும் நெமுரா என்ற பூதத்தை வைத்துக் கம்பெனி படம் எடுக்க முடிவு செய்தது. பூதத்தின் ரப்பர் தோலை உடுத்திச் சுமந்து நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் மூச்சுத் திணறி வெளியே வந்துவிட்டார்கள். கிஹாச்சி நின்றார்.

"இத்தனை வருஷமா ஒரே வெட்டுல செத்துட்டிருந்தேன். இனிமே என்னைக் கொல்லணும்னா ராணுவமே வரணும், பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் விளக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் விளக்குச் சூட்டில் அந்தத் தோலுக்குள் அவர் வெந்துகொண்டிருப்பார். வெளியே வந்ததும் பூதத்தின் காலைக் கவிழ்த்தால் வியர்வை கொட்டும். ஆனாலும் அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதல் தடவையாகக் கேமரா அவரை மட்டுமே பார்த்தது.

தோலின் ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. உள்ளே இருப்பவரால் அதைத் திறக்க முடியாது. உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் ஏதாவது ஆபத்து என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்ட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

கடைசிக் காட்சியில் நெமுரா எண்ணெய்க் கிடங்குத் தீயில் சிக்கிச் சாக வேண்டும். பொம்மைக் கிடங்குகளைச் சுற்றி நிஜ எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள். தீ வாலில் பிடித்து முதுகுக்கு ஏறியது. பூதம் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது. தள்ளாடியது. மறுபடி ஆட்டியது.

"கிஹாச்சி அண்ணன் கை காட்டுறாரு!" என்று நான் மேலே விளக்குத் தட்டிலிருந்து கத்தினேன்.

"வாயை மூடுய்யா! அருமையா பண்றாரு. கேமரா ஓடட்டும்!" என்றார் உதவி இயக்குநர் ஷிரகாபே.

பூதம் முழங்காலில் விழுந்து, கிடங்கின் மேல் சரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. ரப்பர் உருகி ஜிப்போடு ஒட்டிப்போயிருந்தது. தோலைக் கத்தியால் கிழித்து அவரை வெளியே இழுத்தோம்.

தயாரிப்பாளர் ஹனவா ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய, விலை உயர்ந்த முலாம்பழத்தோடு வந்து, குனிந்து வணங்கி, "உங்க உழைப்பை நாங்க மறக்க மாட்டோம்" என்றார். கிஹாச்சியின் மனைவி யோனே, கைக்குழந்தையை முதுகில் கட்டியிருந்தவள், பதிலுக்குக் குனிந்தாள். அந்தப் பழத்தை அவள் வெட்டவே இல்லை. ஜன்னலோரம் அழுகும்வரை அப்படியே கிடந்தது.

படம் ஓடு ஓடென்று ஓடியது. பூதம் சாகும் காட்சியில் பெரியவர்களே அழுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கிஹாச்சியின் பெயர் திரையில் வரவில்லை. வலது கை முழுதாக நீட்ட வராததால் வேலையும் போயிற்று. காவாசாகியில் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நெமுரா படத்திலும் அதே தீக்காட்சியை வெட்டி ஒட்டினார்கள். அதற்கடுத்த படத்திலும்.

"எத்தனை தடவைதாங்க உங்களை எரிப்பாங்க? போய்க் கேளுங்க" என்றாள் யோனே.

போனார். ஹனவா தேநீர் வரவழைத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிசோவே, அந்த மாதிரி நடிப்பு இனி யாருக்கும் வராதுய்யா. அதைப் போய் வெட்டித் தூக்கச் சொல்றீங்களே?"

"நான் நடிக்கலீங்க."

"அட, இந்தத் தன்னடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

மகள் மிதோரி பள்ளிக்கூடம் போகும் வயதில் நெமுரா பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்பாவின் முதுகுத் தழும்பு போர்க்காலத்துக் குண்டுவீச்சில் வந்தது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். டோக்கியோவில் அப்படிப்பட்ட முதுகுகளுக்கா பஞ்சம், யாரும் துருவிக் கேட்கவில்லை. நானும் கூடப் போயிருந்தேன். தீ பிடித்ததும் கொட்டகை முழுக்கப் பிள்ளைகள் எழுந்து நின்று, "எரி! எரி!" என்று கூவினார்கள். மிதோரி நாற்காலி மேலே ஏறிக் கைதட்டினாள். கிஹாச்சி அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை.

பல வருடம் கழித்து ஏதோ ஒரு சண்டையில் யோனே மகளிடம் உண்மையைக் கொட்டிவிட்டாள். மிதோரி நேரே அப்பாவிடம் போனாள்.

"நான் கைதட்டினேனேப்பா! பக்கத்துலதானே இருந்தீங்க. ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியேம்மா."

"எல்லாரும் சேர்ந்து உங்களை எரிச்சாங்க. என்னையும் அதுல சேத்து விட்டுட்டீங்களே" என்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் அதிகம் பேசவில்லை. கல்யாணமாகி நீகாத்தா பக்கம் போனவள், புத்தாண்டுக்குக்கூட அபூர்வமாகத்தான் வருகிறாள். வந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பல வருடம் கிடப்பில் கிடந்த நெமுராவைப் போன மாதம் ஸ்டுடியோவில் முதல் தடவையாகக் கலரில் எடுக்கத் தொடங்கினோம். பழைய கறுப்பு வெள்ளைத் துண்டு இனி உதவாது. ஷிரகாபே இப்போது இயக்குநர். தோலுக்குள் போகும் புதுப் பையனுக்கு அந்தத் தீக்காட்சியைப் போட்டுக் காட்டி, "எனக்கு இதே மாதிரி வேணும்" என்றார்.

பையன் வாயைப் பிளந்து பார்த்தான். வெளியே வந்ததும் என்னிடம், "பயிற்சி பண்ணா வந்துடும் இல்ல அண்ணே?" என்றான்.

"அது நடிப்பில்ல தம்பி. உள்ள இருந்தவர் நிஜமாவே எரிஞ்சாரு" என்றேன்.

நான் பயமுறுத்துகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தள்ளாடித் தள்ளாடி ஆட்டிக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டான்.