செவலைக்குப் போட்ட சூடு

பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பினாங்குக்குப் போன அப்பாவிடமிருந்து, ஜப்பான் சண்டை வந்தபின் கடிதமே இல்லை. அம்மாவும் நானும் கறம்பக்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டில் இருந்தோம். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேரில் பேசமாட்டார்; அது மரியாதையாம். தூணைப் பார்த்துப் பேசுவார். வசவு மட்டும் குறி தப்பாமல் அம்மாவிடம் வந்துவிடும்.

அம்மா அறுக்கிற புல் போதவில்லை என்று ஒருநாள் காலை அவரே அரிவாளோடு கிளம்பினார். அரைமணியில் ஒரு பெரிய கட்டோடு வந்து செவலைப் பசுவின் முன் போட்டார். "வேலைன்னா இப்புடி இருக்கணும்" என்று தூணிடம் சொன்னார்.

மதியத்துக்குள் செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. வாய் உலர்ந்து, வயிறு உப்பி, சாணி போடாமல் நின்றது. "தண்ணி காட்டிருக்க மாட்டாக" என்றார் தூணிடம். பிறகு கம்பியைக் காய்ச்சி அதன் வயிற்றில் இரண்டு சூடு இழுத்தார். அது கதறியதில் நானும் அழுதேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்த மாட்டு டாக்டரை யாரோ கூட்டிவந்தார்கள். இளவயதுக்காரர். "இந்த வெயில்லயும் கண்ணுல கருமணி சுருங்கலை பாருங்க" என்று மிச்சப் புல்லைக் கிளறினார். முள்முள்ளாக ஊமத்தங்காய் கிடந்தது. உடனே ஊசி போட்டார்.

"நரம்பு நுனியில ஒரு சாறு கசியும். அது பட்டாத்தாங்க குடல் சுருங்கும், சாணி நகரும். ஊமத்தை அந்த எடத்தை அடைச்சுக்கிச்சு. இந்த ஊசி, கசியிற சாறு அழிஞ்சு போகாம சேத்து வைக்கும். நெறைய சேந்தா ஊமத்தையத் தள்ளிப்புடும். சூடு போட்டு என்ன ஆகும்?"

கொஞ்ச நேரத்தில் செவலைக்கு எச்சில் வடிந்தது. வயிறு உருண்டு சத்தம் கேட்டது. சாணி போட்டது.

"இதை அறுத்தது யாரு?" என்றார் டாக்டர்.

பெரியப்பா தூண் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தாங்க. பாக்காம அறுத்துட்டேன்" என்றாள் அம்மா. நான் பேசப் போனேன். என் கையை வலிக்க நெரித்தாள். தெருவே பார்த்திருக்க டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். பெரியப்பாவும் கூடவே தலையாட்டினார்.

நாலு நாள் நான் அம்மாவிடம் பேசவில்லை. அவர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் அதிகமாக வந்தது. இப்படியும் ஒரு கோழையா என்று நினைத்தேன். அன்று அவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் மறுநாள் நாங்கள் இருவரும் யார் வீட்டில் சாப்பிட்டிருப்போம் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.