மணிகள் சொன்ன சாட்சி

பதுளைக் கடைவீதியில், நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரே ஒரு மணிக்கடை இருந்தது. வெண்தாடியும் மெலிந்த கழுத்துமாக இருந்த அதன் முஸ்லிம் உரிமையாளர், ஊரார் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றழைத்தவர், எந்த மணியையும் கம்பளித் துண்டில் தேய்த்துத்தான் கையில் கொடுப்பார்.

ஒருநாள் பண்டாரவளை முதலாளி ஒருவர் அவரிடம் வாங்கிய அம்பர் மாலையை மேசையில் எறிந்தார். வேறு இடத்தில் வாங்கிய இன்னொரு அம்பர் மாலை அவர் கையில் இருந்தது.

"இது உறைஞ்ச மரப்பிசின் இல்ல, வெறும் கண்ணாடி! ஊரையே ஏமாத்துறீங்க நானா!"

கூட்டம் கூடிவிட்டது.

"உங்க கையில இருக்கிற மாலை அசல் அம்பர்தானே முதலாளி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதுல சந்தேகமே இல்ல!"

கடைக்காரர் இரு மாலைகளிலிருந்தும் ஒவ்வொரு மணியை எடுத்துப் பட்டுநூலில் தொங்கவிட்டார். மழை ஈரம் போகக் கரி அடுப்பில் காட்டி, கம்பளியில் தேய்த்து ஒன்றுக்கொன்று கிட்டே கொண்டுபோனார். இரண்டும் வெடுக்கென்று விலகின. பிறகு ஒரு கண்ணாடி மணியைப் பட்டில் தேய்த்து நீட்டினார். இரண்டும் அதை நோக்கிப் பாய்ந்தன.

"ஒரே இனம்னா தள்ளும், வேற இனம்னா இழுக்கும். என்னோடது கண்ணாடியா இருந்தா உங்களோடதை இந்நேரம் கட்டிப்பிடிச்சிருக்கும்!"

வீதியே ஆர்ப்பரித்தது. முதலாளி மன்னிப்புக் கேட்டு இன்னொரு மாலையும் வாங்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு எட்டிப் பார்த்தேன். வேறு இரண்டு மணிகளைத் தேய்த்துத் தொங்கவிட்டு, அவை விலகும் ஒவ்வொரு தடவையும் அவர் சின்னப் பிள்ளை போலத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.